16 போட்டேன், 8 தான் காட்டுது

போன மாதம் ஒரு சாயங்காலம், பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸும் டிடிபியும் வைத்திருக்கும் தம்பி, கேபினெட்டை வண்டியின் முன்னால் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். "அண்ணே, நல்லா ஏமாந்துட்டேன். இருந்த 8 ஜிபியோட இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். இன்னும் 8 தான் காட்டுது. டூப்ளிகேட் ரேமைத் தலையில கட்டிட்டான் போல."

"எது காட்டுது? பயாஸா, விண்டோஸா?" என்று கேட்டேன். விழித்தான். இந்தக் கேள்விக்குப் பத்தில் ஒன்பது பேர் விழிப்பார்கள். ஆனால் ரேம் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுந்திருப்பது விண்டோஸ் அல்ல, மதர்போர்டிலுள்ள பயாஸ். அது ரேம் செருகும் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போய் விசாரிக்கும். ரேமைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிய கருப்புச் சில்லுகளுக்கு நடுவே பொடியாக ஒரு சில்லு இருக்கும். அதற்கு எஸ்பிடி என்று பெயர். 'நான் டிடிஆர்4, 8 ஜிபி, 1.2 வோல்ட், என் வேகம் இவ்வளவு' என்று அதில் எழுதியிருக்கும், பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பயாஸ் அதைப் படித்து, ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரை அதற்கேற்ப அமைத்து, கொஞ்சம் எழுதிப் பார்த்து, படித்துப் பார்த்து, 'இவ்வளவு இருக்கிறது, இந்தப் பகுதியை மட்டும் தொடாதே' என்று ஒரு பட்டியல் போட்டு விண்டோஸ் கையில் கொடுக்கும். விண்டோஸ் ஸ்லாட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பதில்லை. கையில் கொடுத்த பட்டியல்தான் அதற்கு வேதம்.

ஆகவே பயாஸிலேயே ரேம் குறைந்திருந்தால் கோளாறு கம்பி, ஸ்லாட், ரேம், ப்ராசஸர் பக்கம். விண்டோஸில் எவ்வளவு குடைந்தாலும் பலன் இல்லை. பயாஸில் முழுதாக இருந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம். இந்த ஒன்றைப் பார்க்காமல் விண்டோஸை ஃபார்மேட் போட்டவர்களும் உண்டு, நல்ல ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கியவர்களும் உண்டு.

பார்ப்பது எளிது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, திரை எழும்போதே டெலீட் அல்லது எஃப்2 பட்டனை விடாமல் தட்டினால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் திறக்கும். முதல் பக்கத்திலேயே மொத்த மெமரி இருக்கும். பல மதர்போர்டுகள் எந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி என்பதையும் தனித்தனியாகக் காட்டும். விண்டோஸில் பார்க்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மென்ஸ், அதற்குள் மெமரி. வலது மேல் மூலையில் மொத்த அளவு. கீழே வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்ற விவரம், 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விண்டோஸ் பக்கம் பார்த்துவிடுவோம்.

சிஸ்டம் பக்கத்தில் '8.00 ஜிபி, அதில் 7.88 ஜிபி பயன்படும்' என்று இருந்தால் அது கோளாறே அல்ல. மதர்போர்டிலுள்ள கிராபிக்ஸும் மற்ற கருவிகளும் தங்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளும். வீட்டு மளிகையில் சாமிக்கு எடுத்து வைக்கிற பங்கு மாதிரி. இதற்காக யாரும் கடைக்கு வர வேண்டாம்.

ஆனால் '16 ஜிபி, அதில் 13.9 ஜிபி பயன்படும்', '8 ஜிபி, அதில் 5.88 ஜிபி பயன்படும்' என்று இரண்டு ஜிபி போலக் காணாமல் போயிருந்தால்? ஏஎம்டி ரைசன் லேப்டாப் வாங்கிய பலருக்கு முதல் அதிர்ச்சி இதுதான். இதிலும் ரேம் எங்கும் போகவில்லை. அந்த ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் சில்லு இருக்கிறது. அதற்கென்று தனி மெமரி இல்லாததால் உங்கள் ரேமிலிருந்து 2 ஜிபியை பயாஸ் வெட்டிக் கொடுத்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஹார்ட்வேர் ரிசர்வ்டு வரியில் சுமார் 2 ஜிபி இருந்தால் இதுவேதான். பயாஸில் 'யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்' என்று ஓர் அமைப்பு இருந்தால் அதை 512 எம்பிக்குக் குறைக்கலாம். கேம் ஆடாதவர்களுக்கு அது போதும். பல லேப்டாப் பயாஸ்களில் இந்த அமைப்பை மறைத்தே வைத்திருப்பார்கள். அங்கே நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது பழைய கதை, ஆனால் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது: 4 ஜிபி போட்டால் 3.25 காட்டும், 8 போட்டாலும் 3.25 தான் காட்டும். இது 32-பிட் விண்டோஸ். கணினி, மெமரியின் ஒவ்வொரு பைட்டையும் கதவு எண் வைத்துத்தான் தேடுகிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய கதவு எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது சரியாக 4 ஜிபி. இதற்கு மேல் ஒரு வீடு கட்டினாலும் எழுத எண் இல்லை.

சரி, 4 ஜிபியாவது முழுசாக வர வேண்டுமே, ஏன் 3.25? கதவு எண் ரேமுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் சில்லு, பயாஸ் சில்லு எல்லாவற்றுக்கும் அதே தெருவில்தான் எண் கொடுக்க வேண்டும். தெருவின் கடைசியில் முக்கால் ஜிபி அளவு எண்களை அவை எடுத்துக்கொண்டால், அந்த எண்களில் இருந்திருக்க வேண்டிய ரேம் வீடுகளுக்குத் தபால் போகாது. வீடு இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. எந்தக் கருவி எவ்வளவு எடுக்கிறது என்பதைப் பொறுத்து 3.5 ஆகலாம், 2.75 ஆகலாம். இதற்கு ஒரே வழி 64-பிட் விண்டோஸ். 32-பிட்டை அப்படியே 64 ஆக மாற்ற முடியாது. டேட்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது என்பதால் இந்தத் தொல்லை மெல்ல ஒழிந்துவருகிறது. ஆனால் பில்லிங் சாஃப்ட்வேருக்காக 32-பிட் விண்டோஸ் 7-ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் கடைகளை நான் இன்றும் பார்க்கிறேன்.

விண்டோஸ் 7 என்றதும் இன்னொன்று. அதில் பதிப்புக்கு ஒரு உச்ச வரம்பு வைத்திருந்தார்கள். ஸ்டார்ட்டர் 2 ஜிபி, 64-பிட் ஹோம் பேசிக் 8, ஹோம் பிரீமியம் 16. அதற்கு மேல் போட்டது கணக்கில் வராது. விண்டோஸ் 10 ஹோம் 64-பிட்டுக்கு வரம்பு 128 ஜிபி என்பதால் இப்போது நம்மில் யாரும் அதை முட்டப்போவதில்லை.

விண்டோஸ் பக்கத்தில் கடைசி சந்தேகம், யாரோ கைவைத்தது. 'கம்ப்யூட்டரை வேகமாக்க பத்து வழி' என்று வரும் வீடியோக்களில் ஒன்று, எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், மேக்சிமம் மெமரி என்பதில் டிக் அடிக்கச் சொல்லும். அது வேகத்தைக் கூட்டும் பொத்தான் அல்ல, ரேமைக் குறைத்துச் சோதிப்பதற்காக வைத்த பொத்தான். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், போன ரேம் வந்துவிடும். விண்டோஸ் மீதே சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். அதில் முழுதாகக் காட்டினால் குற்றவாளி விண்டோஸ் அமைப்புதான்.

இனி பெட்டியைத் திறக்கலாம். தம்பியின் கம்ப்யூட்டரில் பயாஸே 8192 எம்பிதான் காட்டியது, அதாவது 8 ஜிபி. விண்டோஸ் தப்பித்தது.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். லேப்டாப்பாக இருந்தால் பேட்டரியையும் கழற்ற வேண்டும். பிறகு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் ரேமில் கைவைக்க வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லை ஓசைப்படாமல் கொன்றுவிடும்.

பாதிப் பேருக்கு ரேம் சரியாக உட்காராததுதான் சிக்கல். ஒரு பக்கம் 'டக்' என்று மாட்டியிருக்கும், மறு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். புது ஆள்கள் மதர்போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக அழுத்துவார்கள். இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல் வைத்து, கொஞ்சம் பலமாகவே, ஸ்லாட்டின் காது தானாக எழுந்து பூட்டும்வரை அழுத்த வேண்டும். சில மதர்போர்டுகளில் ஒரு பக்கம்தான் காது இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரேமாக இருந்தால் தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போடலாம். ரப்பர் வைத்தியம் நம் ஊர் மெக்கானிக்குகளின் கைராசி என்று சிலர் கேலி செய்வார்கள். பற்களில் படிந்த அழுக்குதான் காரணம் என்றால் அது உண்மையிலேயே வேலை செய்யும். பலமாகத் தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும், அவ்வளவுதான்.

அதற்கும் வழிவராவிட்டால் நான்கு முறை மாற்றிப் போடும் சோதனை. முதல் ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஆன் செய்து பாருங்கள். பிறகு இரண்டாம் ஸ்லாட்டில். அதேபோல இரண்டாவது ரேமை இரண்டு ஸ்லாட்டிலும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே போங்கள், இல்லையென்றால் மூன்றாம் தடவையில் எது எதில் என்று குழம்பிவிடும். ஒரு ரேம் எந்த ஸ்லாட்டிலும் வரவில்லை என்றால் சிக்கல் ரேமில், அல்லது அதற்கும் மதர்போர்டுக்கும் ஒத்துவரவில்லை. ஒரு ஸ்லாட்டில் எந்த ரேமுமே வரவில்லை என்றால் ஸ்லாட்டின் பக்கம். நான்கு முறையும் தனித்தனியாக நன்றாக வந்து, சேர்த்துப் போட்டால் மட்டும் படுத்தால், பயாஸில் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து, சாதாரண வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு ரேமும் வேறு வேறு வேகமாக இருப்பது பொதுவாகப் பிரச்சினை இல்லை. 3200-உம் 2400-உம் சேர்ந்தால் இரண்டும் 2400-இல் நடக்கும், காணாமல் போகாது.

நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டே ரேம் என்றால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலும் சரியான இடம்.

ஒத்துவராத ரேம் என்றேனே, செகண்ட் ஹேண்ட் வாங்குவோர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பழைய தலைமுறை ரேமான டிடிஆர்3-ஐ அடுத்த தலைமுறை டிடிஆர்4 ஸ்லாட்டில் போடவே முடியாது. பற்களுக்கு நடுவே உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டே தடுத்துவிடும். ஆனால் வெட்டு சரியாக இருந்தும் உள்ளே ஒத்துவராத ரேம்கள் உண்டு. இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்கள் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேமுக்காகச் செய்யப்பட்டவை. 1.5 வோல்ட் டிடிஆர்3 அதே ஸ்லாட்டில் அழகாக உட்காரும், வேலைதான் செய்யாது. லேபிளில் பிசி3 என்று இருக்கிறதா, பிசி3எல் என்று இருக்கிறதா என்ற ஒற்றை எழுத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னும் பழைய ஜி41 சிப்செட் மதர்போர்டு, பள்ளிக்கூட லேப்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் குவிந்து கிடந்தது, அதில் வேறொரு சூட்சுமம். அதற்கு உச்சம் 8 ஜிபி. இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 போடலாம் என்று காகிதம் சொல்லும். ஆனால் அதன் மெமரி கன்ட்ரோலருக்குத் தெரிந்த பெரிய சில்லு 2 ஜிகாபிட்தான். எட்டு ஜிகாபிட் சேர்ந்தால் ஒரு ஜிகாபைட் என்பதால், 2 ஜிகாபிட் சில்லு பதினாறு இருந்தால்தான் 4 ஜிபி ஆகும். பிறகு வந்த 4 ஜிபி ரேம்களில் 4 ஜிகாபிட் சில்லு எட்டே எட்டுதான். மொத்தம் அதேதான், ஆனால் அந்த மதர்போர்டுக்குப் பிடிபடாது. ஆகவே ரிச்சி தெருவில் ஜி41-க்கு ரேம் கேட்பவர், இரண்டு பக்கமும் எட்டெட்டாகச் சில்லு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குவார். லேபிளில் '2ஆர்எக்ஸ்8' என்று இருப்பதும் அதைத்தான் சொல்கிறது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று மலிவாக விற்கும் ரேம்களிலும் இதே மாதிரி சில்லு அடுக்கு வித்தியாசம்தான். இன்டெல் மதர்போர்டில் போட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது, அல்லது ரேம் பாதியாகத் தெரியும். விலை ரொம்பவே மலிவாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

புதிதாக வாங்குபவர் மதர்போர்டு கம்பெனியின் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டு, மொத்தம் எவ்வளவு, ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்துவிட்டால் போதும். எச்61 சிப்செட் மதர்போர்டில் ஸ்லாட் இரண்டு, மொத்தம் 16. அதாவது ஒன்றுக்கு 8. 16 ஜிபி ரேம் ஒன்றை வாங்கி ஒரே ஸ்லாட்டில் போட்டால் 16 ஆகிவிடும் என்று நினைத்தால் ஆகாது.

இப்போது தம்பியின் கம்ப்யூட்டர். இரண்டு ரேமும் முதல் ஸ்லாட்டில் தனித்தனியாக நன்றாக வந்தன. இரண்டாம் ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் திரை இருட்டு. புது ரேம் டூப்ளிகேட் இல்லை என்று அங்கேயே தீர்ந்தது. "அப்ப ஸ்லாட் போச்சாண்ணே?" என்றான். ஸ்லாட் சட்டென்று போவது குறைவு. "கொஞ்ச நாள் முன்னாடி யாராவது ஃபேனைக் கழட்டினாங்களா?" என்றேன். சூடாகிறது என்று, ப்ராசஸருக்கும் ஃபேனுக்கும் நடுவே தடவும் பேஸ்ட் மாற்றக் கொடுத்திருந்தானாம். அதன்பிறகு ஒற்றை ரேமில் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

ரேம் கோளாறுக்கும் ப்ராசஸர் ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்? முன்பு மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-உடன் அதை ப்ராசஸருக்குள் கொண்டுபோனது. இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7 வந்தபோது அதே வழியில் போனது. அதிலிருந்து ஸ்லாட்டின் கம்பிகள் நேராக ப்ராசஸரின் அடிவயிற்றுக்குப் போகின்றன. இன்டெல் சாக்கெட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய ஊசிகள் ப்ராசஸரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரே ஒரு ஊசி வளைந்தாலும், அது மெமரிக்குரிய ஊசியாக இருந்தால், ஒரு சேனல், அதாவது ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான ஒரு பாதை, முழுவதும் செத்துவிடும். இரண்டு ஸ்லாட் மதர்போர்டில் ஒரு சேனல் என்றால் ஒரு ஸ்லாட். ஃபேனை ஒரு மூலையில் அளவுக்கு மீறி முடுக்கினாலும் இதே விளைவுதான், ப்ராசஸர் ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்க ஊசிகள் சரியாகத் தொடாது. சில சமயம் நான்கு திருகையும் கால் சுற்று தளர்த்தினாலே காணாமல் போன 8 ஜிபி வந்து நிற்கும்.

இங்கே அது போதவில்லை. ப்ராசஸரைத் தூக்கி, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். ஊசிகள் எல்லாம் நாற்று நட்ட வயல் மாதிரி ஒரே சாய்வில் மின்னும். அதில் ஓரத்தில், இரண்டாவது வரிசையில் ஒன்று மட்டும் மின்னவில்லை. பேஸ்ட் துடைத்த துணியின் நூல் மாட்டி இழுத்திருக்க வேண்டும், பக்கத்து ஊசியின் மேல் படுத்திருந்தது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லெட் எடுத்த 0.5 மைக்ரோ டிப் பென்சிலின் மூக்கை அந்த ஊசியின் மேல் செருகி, மூச்சைப் பிடித்து ஒரு முடியளவு நிமிர்த்தினேன். ஒரே தடவைதான். இரண்டு மூன்று முறை ஆட்டினால் ஒடிந்துவிடும், பிறகு மதர்போர்டு மாற்ற வேண்டியதுதான். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், பழக்கமுள்ள கையிடம் கொடுங்கள்.

திரும்ப மாட்டி ஆன் செய்ததும் பயாஸில் 16384 எம்பி.

அதோடு அனுப்பிவிடவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே சில பைட்டுகள் பழுதாக இருக்கலாம். அப்படிப்பட்ட ரேம்தான் நீலத் திரை காட்டி ஃபைலைக் கெடுக்கும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற சாஃப்ட்வேரை பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது. காலையில் பிழை பூஜ்யம். பயாஸ் அப்டேட் போட்டால் சரியாகுமா என்று பலர் கேட்பார்கள். புது ரேமைப் பழைய பயாஸ் அடையாளம் காணாத இடத்தில் அது உதவும், ஆனால் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

தம்பி காசு கொடுத்துவிட்டு, ரேம் மேல் ஒட்டியிருந்த சின்ன வாரண்டி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான், அசிங்கமாக இருக்கிறதாம். கையைத் தட்டிவிட்டேன். பில்லும் அந்த ஸ்டிக்கரும் இருக்கும்வரைதான் ரேம் போனால் மாற்றிக் கொடுப்பார்கள்.